சாம்பிள் கேட்ட மிஸ்ஸி

ஆஸ்பத்திரிக்குச் சாம்பிள் கேட்டவரிடம் கால் கிலோ தேயிலைத் தூளைக் கட்டிக்கொண்டு போய் நீட்டிய மடையன் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் என்னைச் 'சாம்பிள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் சொந்தப் பெயருக்கு வந்த கடிதம் ஒன்று, அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். நான் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், வேலை செய்கிறவன். சலித்துத் தரம் பிரித்த தூளில் ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் கட்டி, மேலே வகையும் இலக்கமும் எழுதிக் கொழும்புக்கு அனுப்புவது என் பொறுப்பு. அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் சாம்பிள். கொழும்பில் ஒருவர் அதைக் கொதிநீரில் போட்டுச் சாயம் இறக்கி, வாயில் வைத்து, துப்பிவிட்டு, 'நிறம் பரவாயில்லை, பலம் போதாது' என்று எழுதி அனுப்புவார். எனக்குத் தெரிந்த சாம்பிள் அது ஒன்றுதான். ஆகவே, மிஸ்ஸி என்னை ஸ்டோர் வாசலில் நிறுத்தி, "அண்ணே, செவ்வாக்கிழம சாம்பிள் குடுக்கணும், காலையில கிளினிக்குக்கு வாங்க" என்று சொன்னபோது, பாவம், தனியாக இருக்கிற மனுஷி, நல்ல தூள் குடிக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வகை, இலக்கம், திகதி எல்லாம் முத்து முத்தாக எழுதி ஒட்டிக்கொண்டு போனேன்.

கிளினிக் விறாந்தையில் வயிற்றுப் பிள்ளையோடும் கைப்பிள்ளையோடும் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ்ஸி பொட்டலத்தை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"நல்ல வாசம். ஆனா நான் கேட்டது இது இல்ல அண்ணே. உங்க விந்து."

வெங்காயம், பருப்பு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அன்றைக்கு அந்த விறாந்தையில் எழும்பிய சிரிப்பு அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. பொட்டலத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, "அடுத்த செவ்வா வாங்க" என்றார்.

எங்கள் தோட்டத்துக்குக் குடும்பநல மருத்துவமாதாக வந்தவர் அவர். தாதியோ மருத்துவமாதோ, வெள்ளைச் சட்டை போட்டு வந்தால் எங்கள் ஆட்களுக்கு மிஸ்ஸிதான். சிங்களப் பெண். மலைக்குக் கீழே வயல் இருக்கிற ஊர்க்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கறுப்புக் குடை, ஆண்கள் போடுகிற கென்வஸ் சப்பாத்து, தோளில் ஒரு பை. வந்த முதல் வருடத்தில் கொழுந்து எடுக்கிற பெண்களோடு மலையில் நின்று நின்றே தமிழ் படித்துக்கொண்டார். அதில்தான் வில்லங்கம். எங்கள் பெண்கள் அவருக்குக் கை, கால், தலை என்று சொல்லிக் கொடுத்த மாதிரியே மற்றதையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எந்த வார்த்தைக்கு வெட்கப்பட வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் 'அது', 'அங்க', 'அந்த மாதிரி' என்று மூன்று வார்த்தையில் முழுக் குடும்பமும் நடத்துகிறவர்கள். அவருக்கு அந்த மூன்றும் விளங்காது.

"எனக்குத் தமிழ் கொஞ்சம். சுத்தி வளைச்சிப் பேச வராது. எங்க வலி? அதைச் சொல்லுங்க" என்பார்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்துக்குள் நுழைந்தால் அவருடைய முதல் கேள்வி பிள்ளை எப்படி என்பதோ, தாய் எப்படி என்பதோ இல்லை. "வீட்டுக்காரர் எங்க?" என்பதுதான். பிள்ளை உண்டானாலும் கேட்பார், உண்டாகாவிட்டாலும் கேட்பார். நாலாவது பிள்ளைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேசனுக்கு ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு கேட்டு வருகிற பெண்ணிடமும் கேட்பார். "உனக்கு வயித்த வெட்டணும். அவருக்குச் சின்ன வேலை, அன்னைக்கே வீட்டுக்கு வரலாம். அவரைக் கூட்டிட்டு வா, பேசுவோம்." பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவருடைய குடை திருப்பத்தில் தெரிந்ததுமே ஆண்கள் பின்பக்கமாக இறங்கி மறைந்துவிடுவார்கள். அவருக்கு 'ஆம்பள மிஸ்ஸி' என்று பெயர் வைத்தார்கள். வைத்தார்கள் என்ன, வைத்தவனே நான்தான்.

ஒரு தடவை எங்கள் லயத்துக் கங்காணி அவரைக் கண்டு கக்கூசுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஐம்பது பேரை வேலை வாங்குகிறவர். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மிஸ்ஸி குடையை விரித்து எதிரே இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளிய வாங்க கங்காணி. எனக்கு அவசரம் இல்ல."

"எனக்கு வயித்தால போகுது மிஸ்ஸி."

"போகட்டும். நான் இருக்கேன்."

அரை மணித்தியாலம் இருந்தார். லயமே வாசலில் நின்று பார்த்தது. நான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கதவடியில் வைத்து, "கங்காணி, தண்ணி பத்தலேன்னா சொல்லுங்க" என்று கேட்டு நல்ல பெயர் வாங்கினேன். கடைசியில் அவர் வெளியே வந்தபோது மிஸ்ஸி கேட்டது ஒரே கேள்வி. "நடக்கிறப்ப ஏன் கால அகட்டி வைக்கிறீங்க?"

கங்காணியின் விதை ஒரு பக்கம் வீங்கிக் கல்லாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பஸாரில் பாய் போட்டு மூலிகை விற்கிறவனிடம் எண்ணெய் வாங்கித் தடவிக்கொண்டு, மனைவிக்கும் சொல்லாமல் மலை ஏறி இறங்கியிருக்கிறார். மிஸ்ஸி அன்றைக்கே அவரை பஸ்ஸில் ஏற்றி, கூடவே போய், டவுன் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தார். புற்றாம். ஒரு பக்கத்தை எடுத்தார்கள். ஆள் இன்றும் இருக்கிறார். தோட்டத்துக்குள் கேட்டால் குடலிறக்கம் என்பார். நாங்களும் குடலிறக்கம் என்றே வைத்துக்கொண்டோம்.

இந்த மாதிரி ஆட்களை எந்த அட்டையில் எழுதுவது என்பதுதான் மிஸ்ஸியின் தலையிடி. கர்ப்பிணிக்கு அட்டை உண்டு, பிள்ளைக்கு அட்டை உண்டு. சுவரில் ஒட்டுகிற படத்தில்கூடத் தாயும் பிள்ளையும்தான். கிளினிக்கோ காலையில் நடக்கும். அந்த நேரம் ஆண்கள் வேலையில். மேலிடத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்டுவிட்டு வந்து, அந்தக் கதையைப் பெண்களிடம் சொன்னார்.

"பெரிய ஆள் ஒருத்தர் கேட்டாரு, கிளினிக் பேரு தாய் சேய் கிளினிக். ஆம்பள தாயா, சேயான்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க மிஸ்ஸி?"

"அப்ப பிள்ளை எப்பிடி வருது, மழையிலயான்னு கேட்டேன். அப்ப யாரும் சிரிக்கல. அடுத்த கூட்டத்துல பேசுவோம்னு சொல்லிட்டாங்க."

அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார்கள் போலிருக்கிறது. ஒரு நாள் அட்டையில் கிரிக்கெட்காரன் படம் போட்ட எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, அதன் மேல் கோணல் தமிழில் 'ஆம்பள' என்று எழுதினார். தோட்டத் தொரையிடம் போய் நின்று, சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளைக் காம்பராவைக் கேட்டு வாங்கினார். வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. ஆண்கள் வேலை முடிந்து அங்கே வரலாம், எதையும் கேட்கலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

முதல் சனிக்கிழமை ஒரு ஆளும் போகவில்லை. வரிசையாகத் தொங்குகிற தொட்டில்களுக்கு நடுவே, பிள்ளைகள் உட்காருகிற குட்டைக் கதிரையில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, அவர் மட்டும் கொப்பியோடு உட்கார்ந்திருந்ததை ஜன்னலால் பார்த்தேன். என் பங்குக்குக் கதவில் சோக்கால் 'ஆம்பளக் காம்பரா' என்று எழுதினேன். அதை அவர் அழிக்கவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "நல்லது, போர்டு இல்லாம இருந்திச்சி" என்றாராம்.

மூன்றாவது சனிக்கிழமை கங்காணி போய் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் மூன்று பேர். அதன் பிறகு வாசலில் ஆண் செருப்புகள் கூடின. சலம் போனால் எரிகிறவன், கலியாணம் நிச்சயமாகிப் பயந்து கிடப்பவன், கொழும்பில் வேலைக்குப் போய்த் திரும்பி ரத்தம் சோதிக்க வேண்டியவன். உள்ளே போனவன் வெளியே வந்தால் பத்து வயது குறைந்தவன் மாதிரி நடப்பான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு என்ன குறை?

எனக்கும் செல்விக்கும் கலியாணமாகி அப்போது ஆறு வருடம். பிள்ளை இல்லை. அந்த ஆறு வருடத்தில் செல்வி திருவிழாவுக்கு இரண்டு முறை தீ மிதித்திருந்தாள், செவ்வாய் வெள்ளி சாப்பிடாமல் கிடந்தாள், யாருடைய வளைகாப்புக்கும் போகாமல் இருக்கப் பழகியிருந்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவளுக்கு ஒரு பட்டம் இருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. எனக்கு அப்படி ஒரு பட்டமும் இல்லை. எனக்கு இருந்தது 'சாம்பிள்' மட்டும்தான். அது சிரிப்புப் பட்டம்.

ஒரு பொழுதுசாயும் நேரம் மிஸ்ஸி எங்கள் காம்பராவுக்கு வந்தார். செல்வி தேத்தண்ணி ஊற்றினாள்.

"மிஸ்ஸி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எனக்குத் துண்டு எழுதிக் குடுங்க. அங்க வயித்துக்குள்ள சாயம் விட்டுப் படம் எடுப்பாங்களாம்."

"எடுப்பாங்க. வலிக்கும். உனக்கு இப்ப எழுத மாட்டேன் செல்வி. மொதல்ல இவரு. இவருக்கு வலி இல்ல, ஊசி இல்ல, ஒரு சின்னப் போத்தல்."

செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படியாவது அந்த இடத்திலிருந்து கிளப்ப வேண்டியிருந்தது.

"கொழும்பிலேர்ந்து ரிப்போட் வந்திருச்சி மிஸ்ஸி. நிறம் பரவாயில்லையாம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மிஸ்ஸி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார். அவர் போன பிறகு செல்வி, "ஒரு தடவ போயிட்டுத்தான் வாங்களேன்" என்றாள். கலியாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் என் பக்க நியாயம் என்று ஒன்று சொன்னேன் அல்லவா, அது பொய். மிஸ்ஸி ஸ்டோர் வாசலில் சாம்பிள் என்றபோதே எனக்கு நன்றாக விளங்கியது. அன்றைக்கு ராத்திரியே யோசித்து வைத்தேன். விளங்காத மடையனாகப் போய் நின்றால் ஊர் சிரிக்கும், சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். மடையன் என்று பெயர் எடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இன்னொரு பெயர் வந்துவிடுமோ என்றுதான் பயம்.

ஆனால் மிஸ்ஸி முடிக்கவில்லையே. கண்ட இடத்தில், "அண்ணே, செவ்வா" என்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தால் "செவ்வா" என்பார். எனக்குச் செவ்வாய்க்கிழமையே பிடிக்காமல் போனது.

அந்த நேரம் பார்த்து, சலூனில் நாலைந்து பேர் கூடி மிஸ்ஸிக்கு எதிராக ஒரு மகஜர் எழுத வேண்டும் என்று பேசினார்கள். மனைவிமார் வீட்டில் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்கள், அதுதான் அவர்களுக்குக் குத்தல். எழுத நல்ல கை வேண்டும் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். 'மேற்படி மிஸ்ஸி அவர்கள் ஆண்களிடம் கண்ணியக் குறைவான வார்த்தைகளைப் பிரயோகிப்பதுடன், சிறு பிள்ளைகள் உறங்கும் இடத்தையும் அசுத்தப்படுத்துவதாக' என்று எழுதினேன். 'பிரயோகிப்பதுடன்' என்ற சொல் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினேன். பிள்ளைக் காம்பராவுக்குள் போய்த் தெளிந்து வந்தவர்களும் போட்டார்கள். தாங்கள் அங்கே போகவே இல்லை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாதே.

கங்காணி மட்டும் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நான் போட மாட்டேன்டா சாம்பிள்."

"ஏன் கங்காணி? ஒங்கள கக்கூஸ்ல வச்சி மானத்த வாங்குனவங்கதானே?"

"அதனாலதான்டா உசுரோட நிக்கிறேன். போடா அங்கிட்டு."

மகஜர் மேலிடத்துக்குப் போனது. இரண்டு கூட்டத்திலும் முடிவெடுக்க முடியாதவர்கள் இதற்கு இரண்டு வாரத்தில் முடிவெடுத்தார்கள். பிள்ளைக் காம்பரா சனிக்கிழமைகளில் பூட்டப்பட்டது. மிஸ்ஸிக்கு உடப்புசல்லாவைப் பக்கம் மாற்றம்.

போகிற அன்று ஸ்டோருக்கு வந்தார். நான் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். பையிலிருந்து, பழைய கால் கிலோப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிரிக்கவே இல்லை. வகை, இலக்கம், திகதி, என் முத்தெழுத்து எல்லாம் அப்படியே இருந்தன.

"பெரியவங்க எனக்கு அந்தக் கடிதத்தைக் காட்டினாங்க. முழுசா வாசிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் போச்சி." பொட்டலத்தின் மேல் விரலை வைத்தார். "உங்க எழுத்து ரொம்ப அழகு அண்ணே."

அவ்வளவுதான். கோபமாக ஒரு சொல் இல்லை. கோபத்துக்கு உரிய தமிழையும் எங்கள் பெண்கள் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். போகும்போது என் லேபல் கட்டுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போனார். பெரிய ஆஸ்பத்திரிக்கு, என் பெயருக்கு எழுதியது. என் சொந்தப் பெயருக்கு.

அடுத்து வந்த மிஸ்ஸி நல்ல பிள்ளை. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவே மாட்டார். செல்வி கேட்டதும் துண்டு எழுதிக் கொடுத்தார். சாயம் விட்டுப் படம் எடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அவள் வலியில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரிப்போட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தது. நான் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "அப்ப கடவுள் விட்ட வழி" என்றேன். அதன் பிறகு அவள் தீயும் மிதிக்கவில்லை.

வருடங்கள் போயின. டீசல் இல்லாமல் பஸ் ஓடாத அந்தக் காலத்தில் அவளுக்கு உதிரப்போக்குத் தொடங்கி நிற்காமல் போனது. கட்டிகள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். தாள் நிரப்பிக்கொண்டிருந்த டொக்டர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இல்லை என்றேன்.

"ஏன், நீங்க செக் பண்ணினீங்களா?"

"இல்ல டொக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வெறுமனே பார்த்தார். எத்தனையோ பகிடி வாய்க்குள் இருந்தது. அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

செல்வி வீட்டுக்கு வந்து, மறுபடியும் மலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, நான் அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். நான் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்த அந்த லேபல் கட்டுக்கு அடியிலேயேதான் இருந்தது. வேறொரு ஊரில் என்னைத் தெரியாத ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன். சிட்டையில் முதல் கேள்வியே மனைவியின் பெயர். பெண்கள் கிளினிக் வாசலில் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். இதற்கென்று அறை இல்லை, பொதுக் கக்கூசுக்குப் போங்கள் என்றார்கள். வெளியே நாலு பேர் கதவைத் தட்ட, உள்ளே நான் போத்தலோடு நின்றேன். கங்காணிக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தது ஞாபகத்துக்கு வந்தது. குளிரில் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் போத்தலைச் சுவெட்டருக்குள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உடைந்த கைக்காரனைப் போல நடந்துபோய்க் கொடுத்தேன். மிஸ்ஸி சொன்னது சரிதான். வலி இல்லை, ஊசி இல்லை. கால் மணித்தியால வேலை.

ரிப்போட்டில் உயிரணு குறைவு, ஆளைச் சோதித்தால் விதைக்குப் போகிற நரம்பு சுருண்டு வீங்கிக் கிடக்கிறதாம். "அந்த நேரமே வந்திருந்தா சின்ன ஆப்பரேசன் பண்ணிப் பாத்திருக்கலாம். நெறயப் பேருக்குச் சரி வந்திருக்கு" என்றார்கள். வீட்டுக்குப் போய்ச் செல்வியிடம் சொன்னேன். அவள் சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

போன மாதம் ஹட்டன் பஸ் நிலையத்தில் மிஸ்ஸியைக் கண்டேன். பென்சன் எடுத்துவிட்டாராம். தலை முழுக்க நரைத்திருந்தது. அதே கறுப்புக் குடை.

"மிஸ்ஸி."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாம்பிள் அண்ணே" என்றார். பிறகு, "செல்வி எப்பிடி?"

"இருக்கா மிஸ்ஸி. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சி."

மழை விட்டிருந்தது. அவர் குடையை மடக்கி, நாடாவைச் சுற்றிப் பொத்தானைப் போட்டார். பேசாமல் நிற்கிறவர்களுக்கு முன்னால் எனக்கு எப்போதும் எதையாவது சொல்லியாக வேண்டும்.

"நான் சாம்பிள் குடுத்துட்டேன் மிஸ்ஸி" என்றேன்.

"இப்ப குடுத்து யாருக்கு?"